உறங்குகிற மலையின்மேல்



அப்போஸ்தலருடைய நடபடிகளின் கடைசி அதிகாரத்தை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். மெலித்தா தீவில் மூன்று மாதம் தங்கியிருந்த பவுல், மிதுனம் என்னும் அடையாளமுள்ள கப்பலில் ஏறி, சீரகூசாவையும் ரேகியுவையும் கடந்து, புத்தேயோலியில் கரை இறங்கினார் என்று லூக்கா எழுதுகிறார் (அப். 28:11-13). பவுலின் கையைக் கவ்விய விரியன்பாம்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். அடுத்து வரும் இந்தக் கப்பல் பயணத்தையோ, வெறும் ஊர்ப்பெயர்கள்தானே என்று எண்ணி வேகமாய்க் கடந்துபோய்விடுகிறோம்.

ஒரு தேசப்படத்தை எடுத்து அந்த ஊர்களை விரலால் தொட்டுப் பாருங்கள். சீரகூசா சிசிலித் தீவில் இருக்கிறது. அதற்கு வடக்கே எட்னா எரிமலை நிற்கிறது. ரேகியுவுக்கு வடக்கே, கடலின் நடுவில், ஸ்திரோம்போலி என்னும் எரிமலைத் தீவு ஓயாமல் நெருப்பைக் கக்கிக்கொண்டிருக்கிறது. பவுல் கரை இறங்கிய புத்தேயோலி, இன்று பொட்சுவோலி என்று அழைக்கப்படுகிறது. அந்த ஊர் ஒரு மாபெரும் எரிமலைப் பள்ளத்துக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. அங்கிருந்து கிழக்கே, நேப்பிள்ஸ் நகரத்துக்கு அப்பால் உயர்ந்து தெரிவது வெசூவியஸ் மலை.

பவுல் அந்தத் துறைமுகத்தில் இறங்கியது ஏறக்குறைய கி.பி. 60 அல்லது 61ஆம் ஆண்டில் என்று வேத ஆராய்ச்சியாளர் கணக்கிடுகிறார்கள். வெசூவியஸ் வெடித்தது கி.பி. 79இல். சங்கிலியால் கட்டப்பட்ட அந்த ஊழியக்காரர் கண்களை ஏறெடுத்துப் பார்த்தபோது, அடிவாரம் முழுவதும் திராட்சத்தோட்டங்கள் படர்ந்த ஓர் அழகிய பச்சைமலையாகவே அது நின்றது. அதற்கு இன்னும் பதினெட்டு, பத்தொன்பது ஆண்டுகளே மீதியிருந்தன.

இன்றைக்கு நம்முடைய சபைகளின் வாலிபர்கள் கம்பெனி வேலையாகவும் விடுமுறைக்காகவும் அயல்தேசங்களுக்குப் போகிறார்கள். பாலித் தீவில் விடியற்காலையில் எரிமலை ஏறினோம், ஜாவாவில் மலைவாய்க்குள் எட்டிப் பார்த்தோம் என்று புகைப்படங்களைக் காட்டுகிறார்கள். நம்முடைய தேசத்தில் உயிருள்ள எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு ஒன்றே. அதையும் கப்பலிலிருந்து தூரத்தில் பார்க்கலாமேயன்றி ஏற முடியாது. ஆகவே வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகளுக்கு இது ஒரு புதிய அனுபவம். "அப்படி ஏறுவது சரியா, ஐயா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கும், அதைவிட ஆழமான வேறொரு கேள்விக்கும் வெசூவியஸ் மலையை முன்வைத்துப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

மலைக்கு ஏறும் வழி

பவுலின் ரோமப் பயண வழியைக் காணச் சென்ற ஒரு சிறிய ஊழியர் குழுவில் எனக்கும் இடம் கிடைத்தது. வெசூவியஸின் உயரம் 1,281 மீட்டர். நம்முடைய ஏற்காட்டைவிடக் கொஞ்சம் தாழ்வு. ஏறக்குறைய 1,000 மீட்டர் வரையில் பேருந்து போகிறது. அதற்குமேல் நடைதான். பாதை அகலமானது, கரடுமுரடான எரிமலைச் சரளை கொட்டிக் கிடக்கிறது. காலை வைத்தால் சற்றே சறுக்குகிறது. பள்ளத்தின் பக்கம் மரக் கைப்பிடி வேலி. அறுபது வயதைக் கடந்தவர்களும் மூச்சு வாங்கி நின்று நின்று அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு ஏறிவிடுகிறார்கள்.

அடிவாரத்தில் திராட்சையும் சர்க்கரைப் பாதாமியும் சிறுதக்காளியும் விளைகின்றன. மேலே போகப்போகப் பச்சை குறைகிறது. 1944இல் வழிந்து உறைந்த கற்குழம்பின்மேல் வெளிறிய சாம்பல்நிறப் பாசி போன்ற ஒன்று படர்ந்திருக்கிறது. வெந்துபோன கல்லின்மேல் முதலாவது உயிர்பிடிப்பது அதுவே என்கிறார்கள். இன்னும் மேலே அதுவும் இல்லை.

உச்சியின் விளிம்பில் நின்று உள்ளே பார்த்தோம். ஏறக்குறைய 300 மீட்டர் ஆழமுள்ள வட்டப் பள்ளம். கொதிக்கிற குழம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பலும் கல்லும்தான். ஒரு பக்கத்துப் பாறை இடுக்கிலிருந்து, அடுப்பில் வைத்த பானையின் மூடி ஓரத்திலிருந்து வருவதுபோல, மெல்லிய ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. எங்களோடு வந்த மூப்பர் ஒருவர், "இவ்வளவுதானா, பாஸ்டர் ஐயா?" என்று என்னைக் கேட்டார். அவர் ஏமாற்றமடைந்தது நியாயமே. பார்க்க வந்தவர்களில் அநேகர் முகத்தில் அதே கேள்வி இருந்தது.

பின்பு நாங்கள் பள்ளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றோம். அப்பொழுதுதான் பார்க்கவேண்டியதைப் பார்த்தோம். மலையின் அடியிலிருந்து கடல்மட்டும் வீடுகள், வீடுகள், வீடுகள். பள்ளிக்கூடங்கள், ரயில் பாதைகள், ஆலய கோபுரங்கள், மாடியில் உலரும் துணிகள். மிகுந்த ஆபத்துள்ள சிவப்பு மண்டலம் என்று அரசாங்கம் குறித்திருக்கிற பகுதியில் மட்டும் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள் வாழ்கிறார்கள். மூப்பர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

தோட்டமாயிருந்த மலை

கி.பி. 79க்கு முன்னே அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது எரிமலை என்ற பயமே இல்லை. கி.மு. 73இல், அடிமைத்தனத்திலிருந்து தப்பியோடிய ஸ்பார்ட்டகஸ் என்பவனும் அவன் கூட்டத்தாரும் அந்த மலையில்தான் ஒளிந்திருந்தார்கள். ரோமப் படை வழியை அடைத்தபோது, காட்டுத் திராட்சக் கொடிகளை ஏணிகளாகப் பின்னி, செங்குத்தான பக்கமாய் இறங்கித் தப்பினார்கள் என்று பழைய சரித்திரம் சொல்லுகிறது. ஸ்திராபோ என்னும் கிரேக்கப் புவியியல் அறிஞர் மட்டும், அதன் உச்சியிலுள்ள பாறைகள் நெருப்பில் வெந்தவைபோல் இருப்பதைக் கவனித்து, ஒருகாலத்தில் அது எரிந்திருக்கவேண்டும் என்று எழுதிவைத்தார். கற்கள் சாட்சி சொல்லின. கேட்டவர்களோ சிலரே.

கி.பி. 62இல் ஒரு பெரிய பூமியதிர்ச்சி உண்டாயிற்று. பொம்பெயி பட்டணத்தின் கட்டடங்கள் இடிந்தன. ஜனங்கள் என்ன செய்தார்கள்? பழுதுபார்த்தார்கள். சுவர்களுக்குப் புதுச் சித்திரம் தீட்டினார்கள். பதினேழு ஆண்டுகளுக்குப் பின் மலை வெடித்தபோதும் சில வீடுகளில் அந்தப் பழுதுபார்க்கும் வேலை முடியாமலே இருந்தது. அகழ்ந்தெடுத்தவர்கள் அதைக் கண்டார்கள்.

அந்த நாளில் நடந்ததை நேரில் கண்டு எழுதியவர் இளைய பிளினி. அப்பொழுது அவருக்குப் பதினேழு வயது. விரிகுடாவின் மறுகரையில் மிசேனம் என்னும் துறைமுகத்தில் தாயோடும் தாய்மாமனோடும் இருந்தார். தாய்மாமன் மூத்த பிளினி, கடற்படைத் தளபதி. மலையிலிருந்து குடைபோல விரிந்த ஒரு மேகம் எழும்புவதைக் கண்டு, முதலில் அதை ஆராயவும், பின்பு ஜனங்களை மீட்கவும் கப்பல்களைச் செலுத்திச் சென்றார். ஸ்தாபியா என்னும் இடத்தில் கரையிலேயே மாண்டார். மறுநாள் மிசேனமும் இருண்டது. இளைய பிளினியின் தாய், தான் வயதானவள், தன்னை விட்டுவிட்டு ஓடிப்போகும்படி மகனைக் கெஞ்சினாள். அவரோ தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளை நடத்திக்கொண்டுபோனார். இருவரும் பிழைத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அவர் தாசித்து என்னும் சரித்திரக்காரருக்கு எழுதிய இரண்டு கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

வாசகரே, இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். பொம்பெயி ஒரு நொடியில் அழிந்தது என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. நடுப்பகலுக்குப் பின் கல்மழை தொடங்கியது. நுரைபோன்ற இலேசான கற்கள் மணிக்கணக்காக, இரவு முழுவதும் விழுந்தன. உயிரைப் பறித்த அனல்காற்றும் சாம்பல் வெள்ளமும் பட்டணத்தைச் சூழ்ந்தது மறுநாள் காலையில். இடையில் ஏறக்குறைய பதினெட்டு மணிநேரம் இருந்தது. அந்த நேரத்தில் புறப்பட்டுப்போனவர்கள் அநேகர். பொம்பெயியில் இதுவரை அகழ்ந்த பகுதியில் ஆயிரத்துக்குச் சற்று அதிகமானோரின் சடலங்களே கிடைத்திருக்கின்றன. பட்டணத்தின் ஜனத்தொகையோ அதற்குப் பலமடங்கு. மழை நிற்கட்டும் என்று வீட்டுக்குள் காத்திருந்தவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள். 2024இல் வெளிவந்த ஒரு செய்தி: சிறிய அறை ஒன்றில் ஓர் ஆணும் பெண்ணும் கண்டெடுக்கப்பட்டார்கள், அந்தப் பெண்ணின் அருகே பொன், வெள்ளி நாணயங்களும் நகைகளும் இருந்தன. பக்கத்துப் பட்டணமாகிய ஹெர்குலேனியத்தில், கடற்கரைப் படகுக் கொட்டில்களில் ஒதுங்கிய ஏறக்குறைய 300 பேரின் எலும்புக்கூடுகள் ஒன்றையொன்று அணைத்தபடி கிடைத்தன.

பேலிக்ஸின் வீட்டுப் பிள்ளை

இப்பொழுது வேதத்துக்குத் திரும்புவோம். ரோமுக்குக் கப்பல் ஏறுமுன் பவுல் செசரியாவில் இரண்டு வருஷம் காவலில் இருந்தார். தேசாதிபதி பேலிக்ஸ், தன் மனைவி துருசில்லாளோடு வந்து அவரை அழைப்பித்தான் (அப். 24:24). துருசில்லாள் யூதப் பெண். யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்த ஏரோதின் இளைய மகள். அகிரிப்பா ராஜாவுக்கும் பெர்னீக்கேயாளுக்கும் தங்கை. எமேசாவின் ராஜாவை மணந்திருந்த அவளைப் பேலிக்ஸ் ஆசைகாட்டிப் பிரித்துத் தனக்கு மனைவியாக்கினான் என்று யூத சரித்திரக்காரர் யோசேபஸ் எழுதுகிறார். அப்படிப்பட்ட இருவர் முன்னிலையில் பவுல் எதைப் பேசினார்? நீதியைப் பேசினார், இச்சையடக்கத்தைப் பேசினார், வரப்போகும் நியாயத்தீர்ப்பைப் பேசினார். விலங்கு பூட்டப்பட்டவன் பேச, நியாயாசனத்தில் இருந்தவன் நடுங்கினான் (அப். 24:25).

நடுங்கினவன் என்ன செய்தான்? இப்போது போகலாம், எனக்கு நேரம் வாய்க்கும்போது கூப்பிட்டுக்கொள்கிறேன் என்ற பொருளில் பவுலை அனுப்பிவிட்டான்.

நாம் வழக்கமாக இங்கே நிறுத்திவிடுகிறோம். அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். அவனுக்கு நேரம் வாய்க்காமல் போகவில்லை! பவுலை அவன் அநேகந்தரம் அழைப்பித்துப் பேசினான் என்று லூக்கா எழுதுகிறார் (அப். 24:26). செய்தி கேட்க நேரம் இருந்தது. லஞ்சம் கிடைக்குமா என்று எதிர்பார்க்கவும் நேரம் இருந்தது. மனந்திரும்ப மட்டும் நேரம் வரவில்லை. முதல்நாள் வந்த நடுக்கம் மறுபடி வந்ததாக எழுதப்படவும் இல்லை. கன்வென்ஷனுக்குக் கன்வென்ஷன், உபவாசக்கூட்டத்துக்கு உபவாசக்கூட்டம் தவறாமல் வந்து உட்காருகிற என் சகோதரனே, சகோதரியே, அநேகந்தரம் கேட்பது கீழ்ப்படிவதற்கு ஈடாகாது. நடுக்கம் வந்த நாளே நமக்கு வாய்த்த நேரம்.

பேலிக்ஸுக்கும் துருசில்லாளுக்கும் ஒரு மகன் பிறந்தான். அவனுக்கு அகிரிப்பா என்று பெயர். அந்த வாலிபன், தீத்து இராயனின் நாட்களில் வெசூவியஸ் மலை வெடித்தபோது அழிந்தான் என்று யோசேபஸ் தன்னுடைய யூதர்களின் பழைய சரித்திரம் என்னும் நூலின் 20ஆம் புத்தகத்தில் குறிப்பிடுகிறார்.

இதை முதன்முதல் வேதாகமக் கல்லூரி நூலகத்தில் வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சற்றுநேரம் உட்கார்ந்திருந்தேன். தகப்பன் செய்த பாவத்துக்காக மகன் செத்தான் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் தெளிவாய்ப் போதிக்கிறது. என் மனதை உலுக்கியது வேறு. அந்தக் குடும்பம் ஆண்ட பட்டணத்தில் இரண்டு வருஷம் அப்போஸ்தலனாகிய பவுல் இருந்தார். கூப்பிடும் தூரத்தில் இருந்தார். அந்தப் பெற்றோர் அவர் வாயிலிருந்து நேரே கேட்டார்கள். கேட்டதைத் தாங்கள் ஏற்றுக்கொண்டிருந்தால் அல்லவா பிள்ளைக்குச் சொல்லியிருக்க முடியும்? பெற்றோர் தள்ளிப்போடுகிற காரியம் பெற்றோரோடு நின்றுவிடுவதில்லை. நம்முடைய வீட்டில் வளரும் பிள்ளைக்கு நாம் பட்டணத்தில் ஒரு பிளாட் வாங்கி வைக்கிறோம், நல்ல படிப்புக் கொடுக்கிறோம். அவன் ஒருநாள் எந்த மலையடியில் நிற்பான் என்பதை நாம் அறியோம். அப்பொழுது அவன் கையில் நாம் கொடுத்த வார்த்தை இருக்குமா?

அவர்கள் நம்மைவிடப் பாவிகளா?

பொம்பெயியைப் பற்றிப் பேசும் பிரசங்கிமார் சிலர், அது சோதோமைப்போல் பாவம் நிறைந்த பட்டணம், ஆகையால் அழிந்தது என்று முடித்துவிடுகிறார்கள். பொம்பெயி வீடு ஒன்றின் சுவரிலேயே சோதோம், கொமோரா என்ற இரண்டு பெயர்கள் எழுதப்பட்டிருந்தது உண்மை. வேதத்தை அறிந்த யாரோ ஒருவருடைய கை அதை எழுதியது. அந்தப் பட்டணத்தின் ஒழுக்கக்கேட்டுக்குச் சாட்சிகளும் ஏராளம்.

ஆனால் நம்முடைய ஆண்டவர் அப்படிச் சுலபமாய் முடிக்க நம்மை விடவில்லை. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்த செய்தியை எடுத்து, அவர்கள் எருசலேமிலிருந்த மற்ற எல்லாரைப்பார்க்கிலும் குற்றவாளிகள் என்று எண்ணவேண்டாம் என்றார். கேட்டவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார் (லூக்கா 13:4, 5). விழுந்த கோபுரத்தின்மேல் அல்ல, நின்றுகொண்டிருந்த ஜனங்களின்மேல் அவர் கண் இருந்தது. சாம்பலில் புதைந்தவர்களில் குழந்தைகள் இருந்தார்கள், அடிமைகள் இருந்தார்கள். அவர்களை நியாயந்தீர்ப்பது நம் வேலையல்ல. அவர்களுடைய மரணத்திலிருந்து நமக்கு வரும் கேள்வியைக் கேட்பதே நம் வேலை.

அந்த மலைச்சரிவின் திராட்சைக்குக் கிறிஸ்துவின் கண்ணீர் என்று ஒரு பழைய பெயர் உண்டு. எப்படி வந்த பெயரானாலும், அதைக் கேட்டபோது எனக்கு எருசலேம் நினைவுக்கு வந்தது. ஆண்டவர் அந்த நகரத்தைப் பார்த்து அழுதார். அது பாவமுள்ள நகரம் என்பதற்காகமட்டுமல்ல, தன்னைத் தேவன் சந்தித்த காலத்தை அது அறியாமற்போனதற்காக அழுதார் (லூக்கா 19:41-44).

ஏன் அங்கே குடியிருக்கிறார்கள்?

இவ்வளவும் தெரிந்தும் ஏன் அந்த ஜனங்கள் அங்கே வாழ்கிறார்கள்? எரிமலைச் சாம்பல் மண்ணுக்கு உரம். விளைச்சல் நல்லது. துறைமுகம் அருகில், வேலை அருகில், உறவினர் அருகில். 2003இல் அரசாங்கம், மலையடியை விட்டு வெளியேறும் குடும்பங்களுக்கு 30,000 யூரோ வரை உதவித்தொகை தருவதாகச் சொல்லியும் பெரும்பாலானோர் அசையவில்லை. 1944இல் சான் செபஸ்தியானோ என்னும் ஊரைக் கற்குழம்பு மூடியது. ஜனங்கள் அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள்.

பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டுவந்த நாம் அவர்களைக் குறைசொல்ல முடியாது. ரயில் பாதையோரத்திலும், சதுப்பு நிலத்தின்மேலும், மழைக்குச் சரியும் குன்றின் ஓரத்திலும் குடிசை போட்டு, அங்கேதான் நம்முடைய மூத்த தலைமுறை பிள்ளைகளை வளர்த்தது. முதல் ஜெபக்கூட்டத்தை நடத்தியது. புத்தேயோலியிலும் அப்படியே. அங்கே பவுல் சகோதரரைக் கண்டார், அவர்கள் வேண்டிக்கொண்டபடி ஏழுநாள் அவர்களோடே தங்கினார் (அப். 28:14). அந்தச் சிறிய சபை கூடிய மண், மூச்சு விடுவதுபோல் உயர்ந்தும் தாழ்ந்தும் வருகிற மண். அந்த ஊரின் பழைய சந்தைத் தூண்களில், கடல்சிப்பிகள் துளைத்த துளைகள் ஆள் உயரத்துக்கும் மிக மேலே காணப்படுகின்றன. ஒருகாலத்தில் தரை அவ்வளவு தாழ்ந்து கடலுக்குள் இருந்து, மறுபடி எழும்பியது. 1982க்கும் 1984க்கும் நடுவே தரை ஏறக்குறைய 1.8 மீட்டர் உயர்ந்து, பல்லாயிரம்பேர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 2024இலும் 2025இலும் அங்கே நில அதிர்வுகள் உண்டாயின. அப்படிப்பட்ட தரையின்மேலும் தேவன் தமக்கு ஜனங்களை வைத்திருந்தார். ஆபத்தில்லாத இடம் பூமியில் எங்கும் இல்லை. ஆயத்தம் உண்டா இல்லையா என்பதே கேள்வி.

வெசூவியஸ் மக்களுக்கு ஓர் ஆயத்தம் உண்டு. 1841இல் நிறுவப்பட்ட அந்த எரிமலை ஆய்வுக்கூடம் உலகத்திலேயே பழமையானது. இரவும் பகலும் கருவிகள் மலையின் நாடியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அபாயக்குறி கொடுக்கப்பட்டால் 72 மணிநேரத்துக்குள் அனைவரையும் வெளியேற்றவேண்டும் என்பது திட்டம். ஒவ்வொரு ஊராருக்கும், இத்தாலியின் வேறு எந்த மாகாணம் அடைக்கலம் கொடுக்கும் என்று முன்னமே எழுதிவைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டவுடன் எண்ணாகமம் 35ஆம் அதிகாரத்தின் அடைக்கலப்பட்டணங்களை நினைத்தேன். ஓடவேண்டிய நாள் வருமுன்னே ஓடிச்சேரும் இடம் குறிக்கப்பட்டிருந்தது. நமக்கும் ஓர் அடைக்கலம் குறிக்கப்பட்டிருக்கிறது. அவர் பெயர் இயேசு. ஆனால் அடைக்கலப்பட்டணத்தின் பெயரைத் தெரிந்துவைத்திருப்பதால் ஒருவனும் தப்புவதில்லை. அதற்குள் ஓடினவனே தப்பினான்.

மலை ஏறப்போகும் பிள்ளைகளுக்கு

இனி பெற்றோரின் கேள்வி. எரிமலை ஏறுவது பாவமல்ல. கர்த்தருடைய கிரியைகளைக் காண்பது நல்லது. அவர் தொட்டால் பர்வதங்கள் புகையும் என்பதைக் கண்ணால் காண்பவனுடைய துதியில் ஒரு பயபக்தி வரும். ஆனால் விசுவாசம் வேறு, துணிகரம் வேறு. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சொன்னவன் யார் என்பதை நாம் அறிவோம் (மத். 4:5-7).

2017இல், புத்தேயோலியிலுள்ள சொல்பத்தாரா என்னும் எரிமலைவாயைக் காண வந்த ஒரு குடும்பத்தில் தகப்பனும் தாயும் பதினொரு வயது மகனும் தரை உள்வாங்கி மரித்தார்கள். இளைய பிள்ளை மட்டும் பிழைத்தான். 2019இல் நியூசிலாந்தின் வெள்ளைத்தீவு எரிமலை திடீரென வெடித்து 22 பேர் மரித்தார்கள். இந்தோனேசியாவின் மாராப்பி எரிமலையில், மலைவாய்க்கு 3 கிலோமீட்டர் தூரத்துக்குள் செல்லவேண்டாம் என்று ஆய்வு மையம் பரிந்துரைத்திருந்தது. 2023 டிசம்பரில் அது வெடித்தபோது, ஏறியிருந்தவர்களில் 24 பேர் மாண்டார்கள். ஜப்பானின் ஒந்தாக்கே மலையிலோ எச்சரிப்பு மிகத் தாழ்ந்த நிலையில்தான் இருந்தது. 2014 செப்டம்பரில் 63 பேர் மரித்தும் காணாமலும் போனார்கள். அங்கே யாரும் வேலி தாண்டவில்லை. நம்முடைய காலங்கள் கர்த்தருடைய கரத்தில் இருக்கின்றன என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன சொல்ல?

ஆகவே வாலிபரே, ஏறுமுன் அந்த மலையின் அன்றைய எச்சரிப்பு நிலையை அரசாங்க அறிவிப்பில் பாருங்கள். அனுமதி பெற்ற வழிகாட்டியில்லாமல் ஏறாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டாருக்குச் சொல்லுங்கள். ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் கந்தகப் புகை எழும் மலையைத் தவிர்க்கவேண்டும். பள்ளமான இடங்களில் கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயு தேங்கும், இறங்காதீர்கள். வேலிக்கு அப்பால் நின்று படம் எடுக்காதீர்கள். வழிகாட்டி திரும்பு என்றால், கட்டிய பணம் போனாலும் திரும்பிவிடுங்கள். சீனாய் மலை புகைந்தபோது கர்த்தர் தாமே அதைச் சுற்றி எல்லை குறிக்கச் சொன்னார் (யாத். 19:12, 18). எல்லை என்பது ஜனங்களைத் தள்ளிவைக்க அல்ல; அவர்கள் சாகாமல் பிழைக்க. வீட்டில் தகப்பனும் தாயும் போடுகிற எல்லையும் அப்படிப்பட்டதே.

அசையாத ராஜ்யம்

எபிரெயருக்கு எழுதின நிருபம் 12ஆம் அதிகாரம் இரண்டு மலைகளைக் காட்டுகிறது. ஒன்று நெருப்பு பற்றியெரிந்த மலை. அதன் அடியில் மோசேயும் நடுங்கினான். மற்றொன்று சீயோன் மலை. அங்கே புதிய உடன்படிக்கையின் மத்தியஸ்தராகிய இயேசு இருக்கிறார். பூமியும் வானமும் அசைக்கப்படும், அசையாத ராஜ்யத்தைப் பெற்றவர்கள் பயபக்தியோடே ஆராதிக்கக்கடவர்கள் என்று அந்த அதிகாரம் முடிகிறது. மலை அமைதியாயிருப்பதால் நாம் பத்திரமாயிருக்கவில்லை. கிறிஸ்துவுக்குள் இருப்பதால்தான் பத்திரமாயிருக்கிறோம்.

அன்பான வாசகரே, உங்கள் வாழ்க்கை இன்று அமைதியாயிருக்கலாம். மாதச் சம்பளம் வருகிறது, உடம்பு நன்றாயிருக்கிறது. ஆனாலும் ஆவியானவர் ஒரு காரியத்தைத் தொட்டு உங்களை நடுங்கப்பண்ணியிருக்கலாம். மறைத்துவைத்த ஒரு பாவம். சரிசெய்யாத ஒரு கணக்கு. பேசாமல் விட்ட ஒரு சகோதரன். இன்னும் எடுக்காத ஞானஸ்நானம். பிள்ளைகளோடு தொடங்காத குடும்ப ஜெபம். இந்த மாதக் கடன் முடியட்டும், மகள் கலியாணம் ஆகட்டும், ஓய்வுபெற்றபின் பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிவைக்கவேண்டாம். பேலிக்ஸுக்கு அதிகாரம் இருந்தது, அவகாசமும் இருந்தது. இரண்டு வருஷத்துக்குப்பின் அவன் பதவி போயிற்று. பவுலைக் கட்டப்பட்டவராகவே விட்டுப்போனான். இரட்சணிய நாள் இதுவே என்று வேதம் சொல்லுகிறது (2 கொரி. 6:2).

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அப்போஸ்தலர் 24ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள். பேலிக்ஸின் மகனுடைய கதையையும் சொல்லுங்கள். பின்பு முழங்காற்படியிட்டு ஒருமனதாய் ஜெபியுங்கள்:

பரலோகப் பிதாவே, நீர் எங்களை நடுங்கப்பண்ணின நாட்களை நாங்கள் அலட்சியம்பண்ணாதபடிக்கு இரங்கும். அமைதியான நாட்களை உமது பொறுமை என்று அறிய எங்கள் கண்களைத் திறந்தருளும். நாங்கள் கேட்ட வார்த்தை எங்கள் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரட்டும். அசையாத உம்முடைய ராஜ்யத்தில் எங்கள் குடும்பத்தார் அனைவரையும் கொண்டுசேர்த்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.